பெர்னூலி எண்ணும் ஏடா லவ்லேஸும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு ‘உலகின் முதல் புரோகிராமர் ஏடா லவ்லேஸ்’ என்ற தலைப்பில் மாணவிகளைத் தயார் செய்கிறேன். அதை மறுப்பவர்களும் உண்டாமே? எப்படிச் சொன்னால் தப்பில்லை?
— ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: பட்டத்தைக் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. ஆங்கிலேயக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ், தான் திட்டமிட்ட ‘பகுப்பாய்வு எந்திரம்’ என்ற கணக்கிடும் எந்திரத்துக்காக, எந்தச் செயலை எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்ற சில செயல் அட்டவணைகளை 1836 முதலே எழுதி வைத்திருந்தார், அச்சிடவில்லை. இத்தாலியர் மெனாப்ரியா அந்த எந்திரம் பற்றி 1842-இல் பிரெஞ்சில் எழுதிய கட்டுரையிலும் சிறு அட்டவணைகள் உண்டு. ஏடா அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை ஏழு குறிப்புகளைச் சேர்த்து 1843-இல் வெளியிட்டார். மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு நீளம் அந்தக் குறிப்புகள். கையெழுத்து ‘ஏ.ஏ.எல்.’ என்று மட்டும்.

கடைசிக் குறிப்பில், பெர்னூலி எண்கள் என்ற பின்ன வரிசையைக் கணக்கிடும் அட்டவணைதான் புகழ்பெற்றது. அதன் இயற்கணிதத்தைத் தானே போட்டுத் தருவதாகச் சொல்லி அனுப்பியதாகவும், அதில் தான் செய்திருந்த பெரிய பிழையை ஏடா கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியதாகவும் பாபேஜே 1864-இல் எழுதியிருக்கிறார். ஆக, இருவர் கையும் பட்ட வேலை. ஆனால் ‘ஏ’ குறிப்பில் வரும் கருத்து, அதாவது செய்முறை வேறு, அது கையாளும் பொருள் வேறு; பொருள் எண்ணாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை என்பது, பாபேஜ் எழுத்தில் இவ்வளவு தெளிவாக வரவில்லை. எங்களைக் கேட்டால் மாணவிகள் அழுத்திச் சொல்ல வேண்டியது அதைத்தான்.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாக: பிறப்பு 10 டிசம்பர் 1815, லண்டன். கவிஞர் பைரனின் மகள். குழந்தைக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே அவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார். பாபேஜைச் சந்தித்தது 1833. கடிதம் வழியாக உயர்கணிதம் சொல்லித் தந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். அவர் 1806-இல் நம் மதுரையில் பிறந்தவர். போட்டியில் கைதட்டல் வாங்க இது போதும். ஏடா 27 நவம்பர் 1852-இல், 36 வயதில், கருப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

கேள்வி: ஏடா கண்டுபிடித்த பெர்னூலி எண் பி7-இன் மதிப்பு −1/30 என்று படித்தேன். பைதான் என்ற கணினி மொழியில் போட்டால் பி7 = 0 என்று வருகிறது. ஏடா தவறா, பைதான் தவறா?
— ஒரு கல்லூரி மாணவர், கும்பகோணம்

பதில்: இரண்டும் சரி. வரிசை எண்தான் வேறு. இன்றைய வழக்கில் பி2 = 1/6, பி4 = −1/30, பி6 = 1/42, பி8 = −1/30; பி3, பி5, பி7 எல்லாம் பூச்சியம். ஏடா இதே எண்களைப் பி1, பி3, பி5, பி7 என்று எழுதினார். நீங்கள் பி8 என்று கேட்டிருந்தால் பைதானும் −1/30 என்றே சொல்லியிருக்கும்.

கையால் போட்டுப் பாருங்கள், தாளில் நான்கு உறுப்புகள்தான். ஏடாவின் வழக்கில் பி7-க்கு வரிசை எண் 4. அதன் இருமடங்கு 8; அதில் ஒன்று குறைத்தால் 7, கூட்டினால் 9. முதல் உறுப்பு: 7/9-இல் பாதி, குறி எதிர்மறை: −7/18. அடுத்து பி1-ஐ 4-ஆல் பெருக்கு: 2/3. பி3-ஐ 14-ஆல்: −7/15. பி5-ஐ 28/3-ஆல்: 2/9. நான்கையும் கூட்டினால் 3/90, அதாவது 1/30. இதோடு பி7-ஐச் சேர்த்தால் மொத்தம் பூச்சியம் என்பதே சமன்பாடு; எனவே பி7 = −1/30.

பின்னமாகவே வையுங்கள். பி1, பி3, பி5-ஐ 0.167, −0.033, 0.024 என்று மூன்று தசம இடத்தில் வெட்டிவிட்டால் விடை −0.033-க்குப் பதில் −0.041 என்று வரும். முந்தைய விடையைப் பிடித்தே அடுத்த விடை வருவதால், சிறு வெட்டு 14 மடங்காகப் பெருகிவிடுகிறது. பைதானில் பின்னத்துக்கென்றே தனித் தொகுதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் ஊர்க்காரர் என்பதால் ஒன்று: ராமானுஜன் 1911-இல் வெளியிட்ட முதல் ஆய்வுக் கட்டுரையும் பெர்னூலி எண்களைப் பற்றியதுதான். ஏடாவுக்கும் அதற்கும் நேர்த்தொடர்பு எதுவும் இல்லை. யாராவது கதை கட்டினால் நம்ப வேண்டாம்.

கேள்வி: ஏடாவின் பெர்னூலி எண் அட்டவணையைக் கணினி இல்லாமல் வகுப்பில் பிள்ளைகளை வைத்தே நடத்திக் காட்ட முடியுமா?
— ஓர் ஆசிரியர், திருத்துறைப்பூண்டி

பதில்: தாராளமாக. 17 பிள்ளைகள், 17 சிலேட்டுகள் போதும். ‘வி’ என்பது எந்திரத்தில் ஓர் எண்ணை வைக்கும் இடம்; இங்கே ஒரு சிலேட்டு. வி1, வி2, வி3 என்ற மூவர் 1, 2, 4 என்ற எண்களை எழுதிக்கொள்ளட்டும். வி4 முதல் வி13 வரை பத்துப் பேர் வேலைச் சிலேட்டுகள், தொடக்கத்தில் பூச்சியம். வி21, வி22, வி23-இல் 1/6, −1/30, 1/42. வி24 காலி, விடை அங்கே. இன்னொருவர் செயல்களை வரிசையாக வாசிக்க வேண்டும்.

அட்டவணையில் 25 செயல்கள். 13 முதல் 23 வரை ஒரு சுற்று. அது இருமுறை ஓடும். எத்தனை சுற்று பாக்கி என்பதை வி10 வைத்திருக்கும்: 3-இல் தொடங்கி, 12-ஆம் செயலில் 2, பிறகு சுற்றுக்கு ஒன்று குறைந்து 0 ஆனதும் 24-க்குப் போகலாம்.

தவறுகிற இடங்கள் இரண்டு. முதலாவது 21-ஆம் செயல்: முதல் சுற்றில் வி22-ஐ எடுத்துப் பெருக்க வேண்டும், இரண்டாவது சுற்றில் வி23-ஐ. வாசிப்பவர் பழக்கத்தில் வி22 என்றே சொல்லிவிடுவார். வி11 முதல் சுற்று முடிவில் 14, இரண்டாவதில் 28/3 என்று நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

இரண்டாவது 4-ஆம் செயல். 1843-இல் அச்சான அட்டவணையிலேயே இங்கே பிழை: வி4-ஐ வி5-ஆல் வகுக்க வேண்டியதை மாற்றி, வி5-ஐ வி4-ஆல் என்று போட்டுவிட்டார்கள். பக்கத்துக் கட்டத்தில் விடை சரியாகவே இருப்பதால் அச்சுப்பிழையாகவும் இருக்கலாம். எழுதியபடியே நடத்தினால் 7/9-க்குப் பதில் 9/7 வந்து, பி7 = 139/630 என்று முடியும். ஒருமுறை வேண்டுமென்றே அப்படி நடத்திவிட்டு, பிழை எங்கே என்று பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். பாடத்தில் ருசியான பகுதி அதுதான்.

கேள்வி: எங்கள் ஜக்கார்டு தறி அட்டையிலிருந்துதான் கம்ப்யூட்டர் பிறந்தது என்கிறான் மகன். நிஜமா?
— ஒரு நெசவுக் குடும்ப வாசகி, திருபுவனம்

பதில்: பாதி நிஜம். உங்களுக்குத் தெரிந்ததுதான்: அட்டையில் துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், கொக்கி நிமிர்ந்தே நிற்கும், மேலே ஏறும் கத்தி என்ற தகடு அதைத் தூக்கும், பாவு (நெடுக்கு) இழை எழும்பும். துளை இல்லையென்றால் ஊசி பின்தள்ளப்பட்டு கொக்கி விலகிவிடும், இழை எழும்பாது. ஓர் அட்டைக்கு ஓர் ஊடை (குறுக்கு இழை) ஓட்டம். இந்த அட்டை முறையைத்தான் பாபேஜ் எடுத்துக்கொண்டார். இந்தத் தறிக்குப் பெயர் தந்த ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்ய 24,000 அட்டைகள் தேவைப்பட்டதை ஏடாவும் குறிப்பிடுகிறார்.

தறியில் இல்லாதது ஒன்றுண்டு. கோத்த அட்டைகள் தறியில் ஒரே திசையில் போகும். அதே பூ மறுபடி வேண்டுமென்றால் கோத்த அட்டை மாலை முழுதும் சுற்றி வர வேண்டும். பாபேஜின் திட்டத்தில் ஒரு தொகுதி அட்டைகளை மட்டும் பின்னுக்கு இழுத்து மீண்டும் ஓட்டலாம். ‘சி’ குறிப்பில் ஏடா இதை விளக்குகிறார். மேலே சொன்ன 13–23 சுற்று நடப்பது இந்த வசதியால்தான். தவிர, செய்யும் செயலுக்கு ஒரு வகை அட்டை, எந்த இடத்து எண் என்பதற்கு வேறொரு வகை.

தப்பான துளை விழுந்தால் புடவையில் அதே இழை ஒவ்வொரு பூவிலும் மிதப்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். எந்திரத்தில் கடைசி விடைவரை தெரியாது.

கேள்வி: இயந்திரம் இசையமைக்கும் என்று 1843-லேயே ஏடா சொன்னாராமே?
— ஒரு ரசிகர், திருவையாறு

பதில்: நிபந்தனையோடு சொன்னார். சுரங்களுக்கிடையேயான உறவுகளைச் செயல்விதிகளாக எழுத முடிந்தால், எந்திரம் எவ்வளவு சிக்கலான இசையையும் அமைக்கலாம் என்று. தஞ்சை நாயக்கர் காலத்தில் வேங்கடமகி வகுத்த 72 மேளம் (தாய் ராகங்கள்) அப்படி எழுதக்கூடிய பகுதி: ச, ப மாறாதவை, மத்திமம் 2, ரி–க சேர்க்கை 6, த–நி சேர்க்கை 6, பெருக்கினால் 72. தோடி ராகத்தின் கமகத்தை, அதாவது சுர அசைவை, அப்படி அட்டையில் துளைத்துவிட முடியுமா என்பது உங்கள் சபையில் விவாதிக்க வேண்டிய விஷயம். அதே ஏடாதான் ‘ஜி’ குறிப்பில், எந்திரம் தானாக எதையும் தோற்றுவிப்பதாகப் பாவனை செய்யாது, நாம் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே செய்யும் என்றும் எழுதினார். கணினியியல் முன்னோடி ஆலன் டூரிங் 1950-இல் இதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கேள்வி: ‘ஏடா’ என்று ஒரு கணினி மொழியும் உண்டாம். வேலைக்காகப் படிக்கலாமா?
— ஒரு வாசகர், மயிலாடுதுறை

பதில்: உண்டு. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1980-இல் ஏற்ற மொழி. அதன் தர எண் 1815, ஏடா பிறந்த ஆண்டு. விமானம், ரயில் கட்டுப்பாடு போன்ற பிழை பொறுக்காத இடங்களில் இன்றும் ஓடுகிறது. முதல் மொழியாக வேண்டாம். சி அல்லது பைதானில் கை பழகிய பிறகு, அந்தத் துறைக்குத்தான் போவது என்று முடிவானால் படியுங்கள். ஜிநாட் என்ற கம்பைலர் (எழுதிய நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) இலவசம்.