டீச்சரைக் கேளுங்கள்: ஒரு வாரம் வாங்காமல் விட்டால்?

கேள்வி: டீச்சர், வாரம் தவறாமல் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குகிறேன். எப்போதும் அதே ஆறு எண்கள். எல்லாம் வீட்டில் உள்ளவர்களின் பிறந்த தேதிகள். பெரிதாக எதுவும் விழவில்லை. "இவ்வளவு நாள் வராத நம்பர் சீக்கிரம் வந்தே தீரும், இப்போது கூடுதலாகப் போடு" என்கிறார் நண்பர். "வீண் செலவு" என்கிறாள் மனைவி. நிறுத்தவும் பயம். நிறுத்திய வாரமே விழுந்துவிட்டால்?

பதில்: சட்டப்படி நடக்கும் லாட்டரியில் வாரம் ஒரு சீட்டு வாங்குவதில் தப்பில்லை. எனக்குக் கவலை தந்தது உங்கள் கடைசி வரிதான். ஆசையோடு வாங்க ஆரம்பித்த நீங்கள் இப்போது பயத்தோடு வாங்குகிறீர்கள்.

அந்தப் பயம் அந்த ஆறு எண்களால் வந்தது. மனப்பாடமான எண்கள் என்பதால், வாங்காத வாரம் அவை விழுந்தால் ரிசல்ட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அடுத்த முறை எண்களை இயந்திரமே தேர்ந்தெடுக்கட்டும். வாய்ப்பு துளியும் குறையாது. எண் மனதில் தங்காது. ஒரு வாரம் வாங்காவிட்டாலும் உறுத்தல் இருக்காது. இன்னொன்று: பிறந்த தேதிகள் 31-ஐத் தாண்டாது. உங்களைப் போலவே பலரும் தேதிகளைப் போடுவதால், அப்படிப்பட்ட எண்களுக்கு முதல் பரிசு விழுந்தால் பங்கு போட ஆட்கள் அதிகம்.

அப்புறம் நண்பர் சொன்னது. வகுப்பில் நிகழ்தகவு நடத்தும்போது ஒரு மாணவியை அழைத்து நாணயத்தைச் சுண்டச் சொல்வேன். தொடர்ந்து நாலைந்து தலை விழுந்தால் போதும், வகுப்பே "அடுத்தது பூ!" என்று கத்தும். "முன்னால் என்ன விழுந்தது என்று இந்த நாணயத்துக்கு யார் சொன்னது?" என்று கேட்பேன். அமைதியாகிவிடுவார்கள். பெரியவர்கள்தான் அடங்குவதில்லை. இத்தாலியில் வெனிஸ் குலுக்கலில் 53 என்ற எண் ஏறக்குறைய இரண்டு வருடம் வரவே இல்லை. "இந்த வாரம் வந்துவிடும்" என்று எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பையெல்லாம் அதில் கொட்டின. 2005 பிப்ரவரியில் ஒருவழியாக 53 வந்தபோது பலரிடம் போட ஒன்றுமே மிச்சமில்லை.

49 எண்களில் 6-ஐத் தேர்ந்தெடுக்கும் ஆட்டத்தில் 1,39,83,816 விதமான சேர்க்கைகள் உண்டு. வாரம் ஒரு சீட்டு என்றால், சராசரியாக ஒரு முதல் பரிசுக்குச் சுமார் 2 லட்சத்து 69 ஆயிரம் வருடம். உங்கள் நம்பிக்கையைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. யாருக்கோ விழத்தான் செய்கிறது, அந்த யாரோ நீங்களாகவும் இருக்கலாம். ஆனால் அந்த 'இருக்கலாம்' முதல் சீட்டிலேயே முழுசாகக் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது சீட்டும் பத்தாவது சீட்டும் செலவைத்தான் கூட்டும், கனவைக் கூட்டாது.

மனைவியிடம் மறைக்காதீர்கள். வீட்டுக் கணக்கு நோட்டில் சீட்டுப் பணத்தைச் 'சேமிப்பு' பக்கத்தில் எழுதாமல் 'பொழுதுபோக்கு' பக்கத்தில் எழுதுங்கள். கடன் தவணையோ பள்ளிக் கட்டணமோ பாக்கி இருக்கும் வாரம் சீட்டு வேண்டாம். வாங்கிய வாரம், பரிசு விழுந்தால் என்ன செய்வோம் என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அக்கா மகளைப் படிக்க வைக்கலாம், மொட்டை மாடியில் ஒரு அறை கட்டலாம் என்று ஆசைகள் வெளியே வரும். ஒன்றிரண்டு பரிசு இல்லாமலே செய்யக்கூடியவையாக இருக்கும். அவற்றை இப்போதே தொடங்குங்களேன்.

விட்டதைப் பிடிக்க வாங்குகிறேன் என்ற எண்ணம் என்றைக்காவது வந்தால் மட்டும், அன்றே நிறுத்திவிட்டு மனநல ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள்.

கேள்வி: வெளிநாட்டு லாட்டரியில் எனக்குப் பெரிய பரிசு விழுந்திருப்பதாக மெசேஜ் வந்தது. நான் சீட்டே வாங்கியதில்லை. வரியை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: நீங்கள் சீட்டே வாங்கவில்லையே அம்மா! வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. பரிசு தர முன்பணம் கேட்கிறவர் மோசடிக்காரர். பணமும் கட்டாதீர்கள், வங்கி விவரமும் கொடுக்காதீர்கள். மெசேஜை அழிக்காமல் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.