ஒயினில் மிளகு – கடிதம்

வணக்கம்.

பெங்களூரில் நண்பர்களோடு பாட்டில்களை மறைத்து வைத்து ஒயின் சுவைத்த மாலையைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்தேன். மிளகு வாசனை, நாவல்பழம், ஈரமண் என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். திராட்சையில் மிளகு எங்கிருந்து வரும்? வெள்ளை ஒயினில் சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தபோது பிரெஞ்சு நிபுணர்களே ஏமாந்துபோனார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்களுக்கே தெரியாதது உங்கள் ஆறு பேருக்குத் தெரிந்துவிடுமா? குடிக்குப் போடும் அலங்காரம் என்றுதான் எனக்குப் படுகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, கேட்க வேண்டிய கேள்விதான். மிளகிலிருந்தே தொடங்குகிறேன்.

ரோட்டண்டோன் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. நாம் ரசத்துக்குத் தட்டிப் போடும் மிளகின் வாசனையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதே பொருள் ஷிராஸ் திராட்சையின் தோலிலும் உண்டாகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் கண்டுபிடித்து எழுதினார்கள். அதனால் யாரும் மிளகு போடவில்லை, கற்பனையும் இல்லை. ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் ஒரு கிராமின் நூறு கோடியில் பதினாறு பங்கு இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை தெரியவே தெரியாது, எவ்வளவு முயன்றாலும். அன்று மூன்றாம் கிளாஸில் நாங்கள் ஐந்து பேர் மிளகு என்று எழுதியபோது ஒரு நண்பர் மட்டும் திரும்பத் திரும்ப முகர்ந்துவிட்டு "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றார். தனக்கு மூக்கு சரியில்லை என்றே பல வருடமாக நினைத்துக்கொண்டிருந்தவர். இந்த ஆய்வைச் சொன்னதும் அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும்.

சரி, சாயம் கலந்த கதை. அது 2001இல் வெளிவந்த ஆய்வு, பிரான்சின் போர்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. கலந்துகொண்ட 54 பேரும் ஒயின் படிப்பு மாணவர்கள், பெயர்பெற்ற நிபுணர்கள் அல்ல. அவர்களிடம் கேட்டது வாசனையை விவரிக்கும்படி மட்டும்தான். வாசனையில்லாத சாயத்தால் சிவந்த வெள்ளை ஒயினை முகர்ந்துவிட்டு, சிவப்பு ஒயினுக்கு வழக்கமாகச் சொல்லும் சொற்களால் அதை விவரித்தார்கள். இதை வைத்து ஒயின் சுவைப்பதே பித்தலாட்டம் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது கண் சொல்வதை மூக்கு அப்படியே கேட்கிறது என்றுதான் காட்டுகிறது. அதனால்தானே மறைக்கிறோம்! லேபிள், விலை, ஊர், இதெல்லாம்தான் நீங்கள் சொல்லும் அலங்காரம். அதைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவதற்குத்தான் இந்தப் பாடு.

பாடு என்றால் உண்மையிலேயே பாடுதான். காகிதத்தைச் சுற்றினால் போதாது. பாட்டிலின் தோள் சரிவாக இருந்தால் பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து வகை, நிமிர்ந்திருந்தால் போர்டோ வட்டாரத்து வகை என்று கை பட்டாலே தெரியும். திருகுமூடி கண்ணில் பட்டால் ஆஸ்திரேலியா என்று மனது முடிவே கட்டிவிடும். அதனால் வீட்டுக்கார நண்பர் எல்லாவற்றையும் சமையலறையிலேயே கண்ணாடி ஜாடிகளில் ஊற்றி எண் போட்டுக் கொண்டுவந்தார். கிளாஸுக்கு இரண்டு மடக்கு, துப்புவதற்கு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர், தொட்டுக்கொள்ள வெறும் ரொட்டியும் தண்ணீரும். எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இந்த விதிதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் ஒருவர் "நாவல்பழம்" என்று சொல்லிவிட்டால் அப்புறம் மேசையில் இருக்கும் அத்தனை பேருக்கும் நாவல்பழம்தான்.

அன்று இரண்டாம் ஜாடிக்கு 20க்கு 13 போட்டேன். 'மெல்லியது, புளிப்பு, சீக்கிரம் முடிகிறது' என்று எழுதியிருக்கிறேன். ஐந்தாம் ஜாடிக்கு 17. அதற்குக் கீழே 'நாவல்பழம், தின்ற பிறகு நாக்கில் நிற்கும் அந்தத் துவர்ப்பு உட்பட' என்று அடிக்கோடிட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே ஒயின். நண்பர் ஒருவரிடமும் சொல்லாமல் ஒரே பாட்டிலை இரண்டு ஜாடியில் ஊற்றியிருந்தார். வீட்டுக்கு வந்தபிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதைக் குடித்தபோது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சி போகவில்லை. குளிர்ந்த ஒயினில் வாசனை அடங்கியும் துவர்ப்பு தூக்கலாகவும் இருக்கும். ஐந்தாவது வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஜாடியில் காற்று வாங்கியிருந்தது, அதற்கு முந்தைய நான்காவதும் சப்பென்று இருந்தது. காரணம் இதுவாக இருக்கலாம். ஆனால் லேபிளைப் பார்த்துக் குடித்திருந்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போட்டு, என் நாக்கு நிலையானது என்று நம்பிக்கொண்டிருந்திருப்பேன்.

பெயர்பெற்ற நிபுணர்களும் இப்படித் தடுமாறியிருக்கிறார்கள். 1976 மே 24, பாரிஸ். ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி ஒன்பது பிரெஞ்சு நடுவர்களை உட்கார வைத்து, கலிஃபோர்னியா ஒயின்களையும் பிரான்சின் புகழ்பெற்ற ஒயின்களையும் கலந்து வைத்தார். வெள்ளையில் ஷாத்தோ மான்டலேனா 1973, சிவப்பில் ஸ்டாக்ஸ் லீப் 1973, இரண்டிலுமே கலிஃபோர்னியாதான் முதலிடம். பாரிஸின் பெரிய சமையல் கலைஞரான ரேமோன் ஒலிவர், கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கு வெள்ளை ஒயின் ஒன்றைக் குடித்துவிட்டு, ஆகா, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம் என்றாராம். கலிஃபோர்னியா ஜெயித்ததைத்தான் எல்லாரும் சொல்வார்கள். சிவப்பில் இரண்டாவதாக வந்த பிரான்சின் மூட்டோன் ரோத்ஷில்டுக்கும் முதலாவதற்கும் வெறும் ஒன்றரைப் புள்ளிதான் வித்தியாசம், அதை வைத்து எது உயர்ந்தது என்று நான் வாதாட மாட்டேன். எனக்கு முக்கியம் வேறு. வெள்ளையின் முடிவை ஸ்பரியர் சிவப்பு தொடங்கும் முன்பே அறிவித்துவிட்டார். அதன்பிறகு நடுவர்கள் எது கலிஃபோர்னியா என்று கண்டுபிடிப்பதிலேயே குறியாக இருந்தார்கள். லேபிளை மறைத்தாலும் மனதில் ஒரு லேபிள் ஒட்டிக்கொள்கிறது, பாருங்கள்.

நாவல்பழத்தைப் பற்றி ஒன்று. ஒயின் புத்தகங்களில் பிளாக்கரன்ட் என்று வரும். அதை நான் பழமாகப் பார்த்ததே இல்லை, ஆரம்பத்தில் மனப்பாடம் செய்து எழுதிக்கொண்டிருந்தேன். அது பொய் எழுதுவதுதான். நாக்கு ஊதாவாகும்வரை நாவல்பழம் தின்றவனுக்கு அந்தத் துவர்ப்பு எங்கே வந்தாலும் தெரியும். நீங்களும் அழகர்கோயில் பக்கம் கூடையில் வாங்கித் தின்றிருப்பீர்கள்.

அடுத்த மாதம் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். வயதான ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாசனை வரும், அதற்கும் ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்றவர்கள் எங்களில் நான்கு பேர். எத்தனை பேருக்கு அது பிடிபடுகிறது என்று எழுதுகிறேன்.

அன்புடன்.