ட்ரோன் விழுந்துவிட்டது, யாரிடம் சொல்வது?

தம்பி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று கேட்கிறேன்: அந்த ட்ரோனின் பேட்டரி இப்போது எங்கே இருக்கிறது? அறைக்குள் மேசை மேல் வைத்திருந்தால், மீதியைப் படிக்கும் முன் எழுந்து போய் அதை வெளியே எடுத்து வையுங்கள். அடிபட்ட லித்தியம் பேட்டரி விழுந்த உடனே தீப்பிடிக்க வேண்டும் என்பதில்லை. சில மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், சும்மா கிடந்துவிட்டுப் பிறகு பற்றிக்கொள்ளும். உப்பியிருந்தாலோ நசுங்கியிருந்தாலோ சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள். சிமென்ட் தரையில், எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, பேட்டரி வாங்கிக்கொள்ளும் கழிவு மையத்தில் கொடுத்துவிடுங்கள். குப்பைத்தொட்டியில் போடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவுக்கு மாணவர் விசாவில் வந்து எட்டு மாதம். போன ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்ட ட்ரோன் மரக்கிளையில் இடித்து, கீழே நின்றிருந்த காரின் முன்கண்ணாடியில் விழுந்தது. கண்ணாடியில் விரிசல், யாருக்கும் அடியில்லை. கார்க்காரரிடம் உங்கள் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறீர்கள். அறையில் உடன் இருப்பவரோ, "வாயைத் திறக்காதே, விசா போய்விடும்" என்கிறார். போகிற போக்கில், "நண்பரின் உறவினர் விற்கப்போகும் வீட்டைத்தான் படமெடுத்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பெரிதாக நினைப்பது விரிசலை. எனக்கு உறுத்துவது கடைசியாக எழுதிய அந்த வாக்கியம்.

காரணம் இதுதான். இங்கே ட்ரோன் விதிகளை வகுப்பது எஃப்.ஏ.ஏ. எனப்படும் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம். உங்களைப் போன்ற தனிநபர் பறத்தல் அதன் கண்ணுக்கு இரண்டு வகைதான். ஒன்று, முழுக்க முழுக்கப் பொழுதுபோக்குக்காகப் பறப்பது. அதற்கு டிரஸ்ட் என்ற இலவசத் தேர்வும், ட்ரோன் 250 கிராமுக்கு மேல் இருந்தால் பதிவும் வேண்டும். இரண்டாவது, மற்ற எல்லாம். அது பார்ட் 107 என்ற விதிகளின் கீழ் வரும். அதற்குத் தனியாகத் தேர்வு எழுதி ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் நம்மவர்கள் பலரும் தடுக்கி விழுகிறார்கள். காசு கை மாறியதா என்று மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை, எதற்காகப் பறந்தது என்று பார்க்கிறார்கள். விற்பனைக்குள்ள வீட்டைப் படமெடுப்பது பொழுதுபோக்கு அல்லாததற்கு எஃப்.ஏ.ஏ. தானே சொல்லும் உதாரணம். இலவசமாகச் செய்தாலும் கணக்கு அதேதான்.

ஆகவே உங்கள் பறத்தல் பார்ட் 107-இல் வரும். உங்களிடம் இருப்பது டிரஸ்ட் சான்று மட்டும். காசு வாங்காதது ஒருவிதத்தில் உங்களைக் காப்பாற்றியது. வாங்கியிருந்தால் மாணவர் விசாவில் அனுமதியில்லாமல் வேலை செய்தீர்களா என்ற வேறொரு கேள்வி எழுந்திருக்கும், அது ட்ரோனைவிடப் பெரிய விவகாரம். இனி யாராவது, "ஒரு சின்ன வீடியோ எடுத்துக் கொடு, கையில் ஏதாவது தருகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள்.

விபத்து நடந்தால் சொல்ல வேண்டுமா என்றால், பார்ட் 107 இரண்டு சூழ்நிலைகளில் கட்டாயம் சொல்லச் சொல்கிறது. யாருக்காவது பலத்த காயம் ஏற்பட்டாலோ, ஒரு நொடியாவது நினைவு தப்பினாலோ சொல்ல வேண்டும். எலும்பு முறிவு, தலையில் அடி, தையல் போடும் அளவுக்கு வெட்டு என்று மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் அது பலத்த காயம். அடுத்தது, உங்கள் ட்ரோன் அல்லாத வேறொரு பொருளுக்கு 500 டாலருக்கு மேல் சேதம் ஆனால் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் கெடு 10 நாள். வேலை நாள் அல்ல, காலண்டர் நாள். உங்களுக்கு இன்று நான்காம் நாள்.

அந்த 500 டாலர் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பழுதுபார்க்கும் செலவில் உதிரிபாகம், கூலி இரண்டும் சேரும். பொருளின் சந்தை மதிப்பே 500-க்குள் இருந்தால், பழுதுபார்க்க 600 ஆகும் என்றாலும் சொல்ல வேண்டியதில்லை. 600 டாலர் பெறும் பொருளில் 200 டாலருக்குத்தான் சேதம் என்றாலும் தேவையில்லை. உங்கள் விஷயத்தில், கார் கண்ணாடிதானே, 300 டாலரில் முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். இப்போதைய கார்கள் பலவற்றில் முன்கண்ணாடிக்குப் பின்னால், சாலைக் கோட்டைப் பார்த்து ஓட்டுநரை எச்சரிக்கும் கேமரா இருக்கிறது. கண்ணாடி மாற்றினால் அந்தக் கேமராவையும் மறுபடி அளவிட்டுச் சீர்செய்ய வேண்டும், அதற்குத் தனிக் கூலி. தொகை சுலபமாக 500-ஐத் தாண்டிவிடும்.

எனக்கு நேர்ந்ததும் கிட்டத்தட்ட இதுதான். சில வருடங்களுக்கு முன்பு, கையில் சான்றிதழ் வைத்துக்கொண்டே, எதிர்க்காற்றில் பேட்டரி எவ்வளவு தின்னும் என்று கணக்குப் போடாமல் பறக்கவிட்டேன். திரும்பி வரச் சக்தி போதாமல், அடுத்த தெருவில் ஒரு வீட்டுக் கூரையின் கண்ணாடி ஜன்னலில் போய் விழுந்தது. முதலில் வந்தவர் 480 டாலர் என்றார். நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு வாரம் கழித்து உள்ளே மரச்சட்டமும் உடைந்திருக்கிறது என்று மதிப்பீடு 700-ஐத் தாண்டியது. ஒன்பதாம் நாள் இரவு உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். சில வாரங்களில் ஓர் அதிகாரி போனில் கூப்பிட்டு, காற்று, பேட்டரி, பறந்த பாதை என்று அரை மணி நேரம் விசாரித்தார். "புறப்படும் முன் காற்றைப் பாருங்கள்" என்ற அறிவுரையோடு முடிந்தது. என் வாடகை வீட்டு இன்ஷூரன்ஸ்தான் கைவிட்டது. விமானம் சம்பந்தப்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று ஒப்பந்தத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது, ட்ரோனும் விமானம்தானாம். உங்கள் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

படிவம் எஃப்.ஏ.ஏ.-வின் ட்ரோன்ஸோன் தளத்தில் இருக்கிறது, நீங்கள் ட்ரோனைப் பதிவு செய்த அதே இடம். பெயர், தொடர்பு விவரம், சான்றிதழ் எண், ட்ரோனின் பதிவு எண், இடம், நாள், நேரம், காயம், சேதம், நடந்தது என்ன என்று கேட்பார்கள். சான்றிதழ் எண் என்ற கட்டத்தில்தான் உங்களுக்குச் சிக்கல். அங்கே எதையாவது எழுதி ஒப்பேற்றவோ, "பொழுதுபோக்குக்காகப் பறந்தேன்" என்று கதையை மாற்றவோ வேண்டாம். மத்திய அரசு அலுவலகத்துக்குத் தெரிந்தே பொய் சொல்வது இங்கே தனிக் குற்றம். விசாவில் இருப்பவர்களுக்கு, செய்த தவற்றைவிட அதைப் பற்றிச் சொன்ன பொய்தான் பின்னாளில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் துரத்தி வரும்.

அதனால், படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு இலவசச் சட்ட ஆலோசனை உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று கேளுங்கள். விசாவும் விமான விதியும் தெரிந்தவரிடம் அவர்களே அனுப்பி வைப்பார்கள். அபராதமே வராது என்று நான் சொல்ல மாட்டேன். 2024-இல் வந்த சட்டம் ஒரு மீறலுக்கு 75,000 டாலர் வரை விதிக்க இடம் கொடுக்கிறது. ஆனால் அது உச்சவரம்பு. வேண்டுமென்றே செய்யாமல், மறைக்காமல், ஒத்துழைப்பவரிடம் அறிவுரையும் பயிற்சியுமாக விஷயத்தை முடிக்கும் வழக்கம் எஃப்.ஏ.ஏ.-வுக்கு 2015 முதலே உண்டு. அந்த விபத்துப் படிவம் குடியேற்றத் துறையின் படிவம் அல்ல. போலீஸ் எழுத்துமூலம் ஏதாவது கொடுத்திருந்தால் மட்டும் பத்திரமாக வையுங்கள். கைது, குற்றச்சாட்டு பற்றிப் பின்னால் விசா படிவங்கள் கேட்கும்போது அது தேவைப்படும்.

அறைத்தோழர், "யாருக்குத் தெரியப்போகிறது?" என்றும் சொல்லியிருப்பார். 2017 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவருகே ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் ஒரு ஃபேன்டம் 4 ட்ரோன் மோதியது. பறக்கவிட்டவர் கண்ணுக்கு எட்டாத தொலைவில், இரண்டரை மைல் தள்ளி இருந்தார். சிக்னல் போனதும் தண்ணீரில் விழுந்திருக்கும் என்று நினைத்து வீடு திரும்பிவிட்டார். ஹெலிகாப்டரில் சிக்கிய மோட்டார் துண்டில் இருந்த எண்ணை வைத்து, என்.டி.எஸ்.பி. என்ற தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவரைக் கண்டுபிடித்தது. அவர்கள் தொடர்புகொண்ட பிறகுதான் மோதியதே அவருக்குத் தெரியும். உங்கள் ட்ரோனிலோ பதிவு எண் வெளியே ஒட்டியிருக்கிறது, கார்க்காரரிடம் போன் நம்பரும் இருக்கிறது.

அந்த வாரியத்துக்கும் நீங்கள் எழுத வேண்டுமா என்றால், இந்தச் சம்பவத்துக்கு வேண்டாம். உயிரிழப்பு ஏற்பட்டாலோ, ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் மருத்துவமனையில் படுக்கும் அளவுக்குக் காயப்பட்டாலோ, இது போன்ற பெரிய சம்பவங்களில்தான் அவர்களிடம் போக வேண்டும். அப்போது 10 நாளெல்லாம் கிடையாது, உடனே அழைக்க வேண்டும், சிதறிய பாகங்களை நகர்த்தவும் கூடாது. நாசா நடத்தும் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற, நாமாக முன்வந்து சம்பவத்தைத் தெரிவிக்கும் ஏற்பாடு பற்றியும் யாராவது சொல்வார்கள். பெயரை நீக்கிப் பதிவு செய்துகொள்வார்கள், தெரியாமல் நடந்த மீறலுக்குத் தண்டனையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கும். நூலிழையில் தப்பிய சம்பவங்களுக்கு நல்ல வழிதான். ஆனால் கட்டாய அறிக்கைக்கு அது மாற்று அல்ல.

இன்று மாலைக்குள் சில வேலைகளை முடியுங்கள். ட்ரோன் செயலியில் உள்ள பறத்தல் பதிவை அழிக்காமல் இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். மெமரி கார்டையும் அப்படியே வையுங்கள், புதிதாக எதையும் அதில் பதியாதீர்கள். மரம், கிளை, கார் நின்ற இடம் எல்லாவற்றையும் மறுபடி போய்ப் படமெடுங்கள், காற்று எப்படி இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். ட்ரோனின் பாகம் ஏதாவது அடுத்தவர் வேலிக்குள் விழுந்திருந்தால் தாண்டிக் குதித்து எடுக்க வேண்டாம், இந்த ஊரில் அது வம்பு. கதவைத் தட்டிக் கேளுங்கள்.

கார்க்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, பழுதுபார்க்கும் இடத்தின் மதிப்பீட்டை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். கேமராவைச் சீர்செய்யும் கூலியும் அதில் இருக்கட்டும். ரொக்கமாகக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னாலும் ரசீது வாங்குங்கள். அப்படி முடித்துக்கொள்வதால் எஃப்.ஏ.ஏ.-விடம் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது. மதிப்பீடு வந்ததும் தொகையை எனக்கு எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அதற்காகக் காத்திருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.