'எய்ச்'சா, 'ஹெய்ச்'சா?

கேள்வி: என் தம்பி பொண்ணு வட அயர்லாந்துல பெல்ஃபாஸ்ட்ல நர்ஸா வேலைக்கு சேர்ந்திருக்கா. அவ தங்கியிருக்கிற இடத்துக்கு பக்கத்துல பெரிய சுவராம், நடுவுல கேட்டாம், ராத்திரி ஆனா பூட்டிருவாங்களாம். சண்டை முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சே, இப்ப வளர்ற பிள்ளைங்களுக்குமா அந்த கோபம்? அவள யாராவது நீ எந்தப் பக்கம்னு கேட்டா என்ன சொல்றது?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: கோபத்தவிட பழக்கம்தான் ஜாஸ்திம்மா, எனக்கு அதுதான் ரொம்ப வேதனையா இருக்கு. அங்க அயர்லாந்தோட சேரணும்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் கத்தோலிக்கர், பிரிட்டனோடயே இருக்கணும்னு நினைக்கிறவங்க பெரும்பாலும் புராட்டஸ்டன்ட், சண்டையே அதுலதான். 1969ல கத்தோலிக்கர் இருக்குற ஃபால்ஸ் ரோட்டுக்கும் புராட்டஸ்டன்ட் இருக்குற ஷாங்கில் ரோட்டுக்கும் நடுவுல கலவரம் வந்தப்ப பிரிட்டிஷ் ராணுவம் தற்காலிகமாதான் முள்கம்பி போட்டுச்சு, அதுதான் வளர்ந்து இப்ப சுவரா நிக்குது. அங்க பாம்பே ஸ்ட்ரீட்னே ஒரு தெரு இருக்கு, அந்த வருஷம் எரிஞ்ச தெரு. சுவர ஒட்டுன வீடுகளோட கொல்லைப்புறத்துக்கு மேல இன்னிக்கும் கூண்டு மாதிரி கம்பிவலை, அந்தப்பக்கத்துல இருந்து கல்லு வந்தா தடுக்கறதுக்கு. அந்தக் கூண்டுக்கு கீழ துணி காயப்போடுற அம்மாகிட்ட போய் சுவர எடுக்கலாமான்னு கேட்டா இப்ப வேணாம்னுதான் சொல்லுவாங்க, அவங்கள குறை சொல்ல எனக்கு மனசு வரல. 3,500 பேருக்கு மேல செத்த பூமி அது. 1998 ஏப்ரல்ல சமாதான ஒப்பந்தம் ஆச்சு, 2023க்குள்ள எல்லா சுவரையும் எடுத்துருவோம்னு 2013ல அரசாங்கம் சொல்லிச்சு, அந்த வருஷமும் போயிருச்சு, நிறைய சுவர் அப்படியேதான் இருக்கு.

ஆனா சுவரவிட பெரிய விஷயம் ஸ்கூல்மா. பெரும்பாலான பிள்ளைங்க இன்னமும் தனித்தனி ஸ்கூல்லதான் படிக்கிறாங்க, யூனிஃபார்ம பார்த்தாலே யார் வீட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சிரும். இங்கிலீஷ் ஹெச் (H) எழுத்த கத்தோலிக்க ஸ்கூல்ல 'ஹெய்ச்'னும் இன்னொரு பக்கத்துல 'எய்ச்'னும் சொல்லிக் கொடுப்பாங்க, ஆக வாயத் தொறந்து ஸ்பெல்லிங் சொன்னாலே ஆள் எந்தப் பக்கம்னு கணக்கு போட்டுருவாங்க. அஞ்சு வயசுல படிக்கிற எழுத்துலயே இது வந்துருதுன்னா அந்தக் குழந்தை என்ன பண்ணும் சொல்லுங்க. 2021 ஏப்ரல்ல அந்தச் சுவர்ல இருக்குற லானார்க் வே கேட்டுகிட்ட ரெண்டு பக்கமும் நின்னு கல்லும் பெட்ரோல் குண்டும் எறிஞ்சதுல 13, 14 வயசு பசங்களும் இருந்தாங்க, ஒப்பந்தம் கையெழுத்தானப்ப பொறக்கவே பொறக்காதவங்க. அவங்க பின்னாடி நின்னு உசுப்பேத்துன பெரியவங்க மேலதான் எனக்கு கோபம்.

நல்லதும் இருக்கு. 1981ல, இன்னும் குண்டு வெடிச்சிட்டு இருந்த காலத்துல, சில பெத்தவங்க சேந்து 28 பிள்ளைங்கள வச்சு லாகன் காலேஜ்னு ரெண்டு தரப்பும் ஒண்ணா படிக்கிற ஸ்கூல தொடங்குனாங்க. இன்னிக்கு அந்த மாதிரி ஸ்கூல் நிறைய வந்திருச்சு, ஆனாலும் நூத்துக்கு பத்து பிள்ளைங்க கூட அதுல படிக்கல. இது வேகமா வளரணும்னு நான் மனசார ஆசைப்படுறேன்.

உங்க பொண்ணு எந்தப் பக்கமும் இல்லன்னு தைரியமா சொல்லட்டும், ஆஸ்பத்திரியில ரெண்டு பக்கத்து ஆளுங்களும் அவ கைலதான் ஊசி போட்டுக்கப் போறாங்க. ரெண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கச் சொல்லுங்க, செல்டிக் ஃபுட்பால் டீமோட பச்சை ஜெர்சியோ (கத்தோலிக்கர் பக்கம்) ரேஞ்சர்ஸ் டீமோட நீல ஜெர்சியோ (புராட்டஸ்டன்ட் பக்கம்) யாராவது கிஃப்ட் கொடுத்தா அத போட்டுக்கிட்டு ரோட்டுல போக வேணாம், ஜூலை 11 ராத்திரி புராட்டஸ்டன்ட் ஏரியாக்கள்ல பெரிய பெரிய நெருப்பு மூட்டுவாங்க, அன்னிக்கு டூட்டி முடிஞ்சு தனியா நடந்து வராம கூட வேலை பாக்குறவங்களோட வரட்டும். ஹெச்ச மட்டும் நம்மூர்ல சொல்ற மாதிரி 'ஹெச்'னே சொல்லட்டும், காதுக்கு 'ஹெய்ச்' மாதிரி கேட்டாலும், எங்க ஊர்ல இப்படித்தான்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிரட்டும்.