அம்மாவுக்கு க்ளாக்கோமா ட்யூப் ஆபரேஷன்: யாருக்கு ரிஸ்க் அதிகம்?

அம்மாவுக்கு 66 வயசு, ரொம்ப வருஷமா சுகர், முன்னாடி பண்ண க்ளாக்கோமா (கண்ணுக்குள்ள பிரஷர் ஏறி பார்வை நரம்பைக் கெடுக்கற நோய்) ஆபரேஷன் பலிக்கல, இப்ப அகமது வால்வு (கண்ணுக்குள்ள இருக்கற நீரை ஒரு சின்ன ட்யூப் வழியா, மேல் ஜவ்வுக்கு அடியில வைக்கற ஒரு ப்ளேட்டுக்கு வடிய விடற கருவி) வைக்கணும்னு டாக்டர் சொல்றாரு, பயமா இருக்குன்னு கேட்டிருந்தீங்க. பயம் நியாயம்தான், ஆனா வயசை விட அந்தக் கண்ணு இதுவரைக்கும் என்னென்ன பட்டிருக்குங்கறதுதான் பெரிய விஷயம்ங்க.

ஏற்கனவே கத்தி பட்ட கண்ணுல மேல் ஜவ்வு தழும்பாகி மெலிஞ்சிருக்கலாம், நாளாக நாளாக அது தேஞ்சு ட்யூப் வெளிய தெரிஞ்சா கிருமி உள்ள போக வழியாயிடும், அதுக்காகத்தான் ட்யூப் மேல ஒரு ஒட்டு வெச்சு மூடுவாங்க. சுகரால ஐரிஸ் மேல (கண்ணுல பாப்பாவைச் சுத்தி நிறமா தெரியற வளையம்) புது ரத்தக்குழாய் முளைச்சிருக்கான்னு கண்டிப்பா கேளுங்க, இருந்தா ரத்தக்கசிவு, ஃபெயிலியர் ரெண்டுமே கூடும், நிறைய பேருக்கு முன்கூட்டியே கண்ணுல ஊசி போட்டு அதை அடக்கிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போவாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுத்தா சொல்லிடுங்க, நீங்களா மட்டும் நிறுத்தாதீங்க.

ஆபரேஷன் முடிஞ்சு முதல் சில நாள் கண் பிரஷர் ரொம்ப எறங்கலாம். அப்புறம் 1-3 மாசத்துக்குள்ள பலருக்குத் திரும்ப ஏறும், உடனே வால்வு கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, ப்ளேட்டைச் சுத்தி சவ்வு தடிக்கறதால வர்றது, பெரும்பாலும் சொட்டு மருந்துலயே சமாளிப்பாங்க. ஆனா வலி, செவப்பு, பார்வை திடீர்னு மங்கறது, இதுல எது வந்தாலும், வருஷம் கழிச்சு வந்தாலும் சரி, அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டிடுங்க.