களரியும் சிலம்படியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

என் மகன் ஊரில் ஒரு அண்ணாவியாரிடம் (ஆசிரியரிடம்) சிலம்படி, அதாவது கம்பு சுழற்றும் வித்தை, பழகுகிறான். போன கிழமை யூடியூப்பில் கேரளத்துக் களரிப்பயிற்று வீடியோவைப் பார்த்துவிட்டு, "அப்பா, இது நம்மட அடிதானே?" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. நம் முக்குவர் சமூகத்தின் குடிவழமை (தாய்வழிக் குல வழக்கம்) மலையாளத் தேசத்திலிருந்து வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அப்படியென்றால் நம் சிலம்படிக்கும் தாய் களரிதானா? பாடசாலை மலருக்கு அவன் கட்டுரை எழுதப்போகிறான். அப்படியே எழுதலாமா?

– ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி, மட்டக்களப்பு, இலங்கை (பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

அப்படி எழுத வேண்டாம். குடிவழமை மலபாரை நினைவூட்டுவது உண்மைதான். தாய்வழியில் குடி எண்ணுவதும், வீடுவளவு பெண்பிள்ளைக்குப் போவதும் மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இன்றும் உண்டு. ஆனால் குடியும் கம்பும் ஒரே தோணியில்தான் வந்திறங்கின என்பதற்கு அது சாட்சி ஆகாது.

நீங்கள் பார்த்தது எந்தக் களரி? வீடியோக்களில் பெரும்பாலும் வருவது வடக்கன் முறை, தலைச்சேரி, வடகரைப் பக்கத்தது. அதற்கு இடமே பாதி வித்தை. 42 அடி நீளம், 21 அடி அகலத்தில், நாலடி வரை ஆழமாகத் தோண்டிய குழி. வாசல் கிழக்கே. தென்மேற்கு மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை என்ற வழிபாட்டு மேடை. பிள்ளை இறங்கி, நிலம் தொட்டு, பூத்தறையைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடங்கும். உடம்பெல்லாம் எண்ணெய். குருக்கள், அதாவது ஆசிரியர், வாய்த்தாரி என்ற கட்டளைகளைச் சொல்லச் சொல்ல உடம்பு வளைய வேண்டும். இந்த மெய்த்தாரி, அதாவது உடற்பயிற்சி, பதப்பட்ட பிறகுதான் கோல்தாரி, அதாவது கம்பு. அதன் பின் இரும்பாயுதம் பழகும் அங்கத்தாரி. வெறுங்கை கடைசியில். உங்கள் மகன் கைக்குக் கம்பு எப்போது வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

(நம் பக்கம் குருக்கள் என்றால் கோயில் ஐயர். மலபாரில் முஸ்லிம் குருக்கள்மாரும் இருந்திருக்கிறார்கள். சீனடி என்ற அடிமுறையும் சிலம்படியும் நம் கரையில் இரு சமூகத்துக்கும் பொது என்று கட்டுரையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.)

அப்புறம், அந்த வீடியோவில் தெரியும் ஒழுங்கு முழுக்கப் பழசும் இல்லை. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மலபார் மன்னர் பழசிராசா 1805இல் மாண்ட காலத்தையொட்டி ஆங்கிலேயர் மலபாரில் ஆயுதங்களைப் பறித்தார்கள். களரிகள் படுத்துவிட்டன. கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர் மாணவர் சி.வி. நாராயணன் நாயரும் 1920களுக்குப் பிறகு தலைச்சேரிப் பக்கம் பாடுபட்டுத் தூக்கி நிறுத்தியதுதான் இன்று வெளியூரார் காண்பதில் பெரும்பகுதி. அதைத் தாய் என்றும் நம்முடையதைப் பிள்ளை என்றும் எந்தக் கணக்கில் வயது போடுவது?

தெற்கே வாருங்கள், கதை மாறிவிடும். பழைய திருவிதாங்கூரில் பெரும்பாலும் திறந்தவெளிப் பயிற்சி. சொல்லிக்கொடுப்பவர் ஆசான். வித்தையைத் தந்தவர் வடக்கே பரசுராமர் என்றால் தெற்கே அகத்தியர் என்பார்கள். வர்மம், அதாவது உடம்பின் உயிர்நிலைகள், பற்றிய ஏடுகள் தமிழில் இருக்கின்றன: மொத்தம் 108 வர்மம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96. படுவர்மத்தில் அடி விழுந்தால் உயிருக்கே மோசம் என்பது ஆசான்மார் கணக்கு. அதனால் அடிக்கப் பழகுகிறவன் அடிபட்டவனை இளக்கி எழுப்பவும் பழக வேண்டும். இந்த வித்தை ஊறிய, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்துக் கல்குளமும் விளவங்கோடும் 1956 நவம்பர் 1இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. 'கேரளமா, தமிழ்நாடா' என்று நாம் கேட்பது அன்று கிழித்த கோட்டை வைத்து. நம் முன்னோர் கடல் தாண்டியபோது அந்தக் கோடு ஏது?

கம்பை நெற்றி உயரத்துக்கு வெட்டி, காலடி பிடித்துச் சுழற்றும் நம் ஆட்டம், குழிக்களரியைவிட இந்தத் தென்பக்கத்துக்கே கிட்ட என்பது என் எண்ணம். எண்ணம்தான், கட்டுரையில் முடிந்த முடிவாகப் போட்டுவிட வேண்டாம்.

மகனுக்கு வேறு வேலை இருக்கிறது. அண்ணாவியாரைக் கால்வரிசைகளின் பெயர்களைச் சொல்லச் சொல்லி போனில் பதியட்டும். அவர் யாரிடம் பழகினார், அந்த ஆள் யாரிடம் பழகினார் என்றும் கேட்கட்டும். சுளுக்குப் பிடித்தால் என்ன எண்ணெய் போடுகிறார், எங்கே அமுக்குகிறார் என்பதை மறக்காமல் கேட்க வேண்டும். அடியோடு வைத்தியமும் சேர்ந்து வந்ததா என்பதற்கு அதில் ஏதாவது துப்புக் கிடைக்கலாம். எழுதி முடித்ததும் அனுப்புங்கள், இங்கேயே போடுகிறேன்.