12 மணி நேர மார்ஃபின் மாத்திரை எட்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. பொடித்துக் கொடுக்கலாமா?

கூடவே கூடாது. பாதியாக உடைப்பதும் மெல்லுவதும்கூடத் தப்பு.

அப்பாவுக்குப் புற்றுநோய் வலி, காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் 30 மி.கி. என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அந்த மாத்திரையில் மருந்து சிறுகச் சிறுகக் கசியும். இடித்தால் அரை நாள் மருந்தும் ஒரேயடியாக இறங்கி மூச்சு மந்தமாகும். மிச்ச நேரத்துக்கு வலி தாங்க மருந்தே இருக்காது. மூக்குக் குழாய் போட்டவருக்கு சாதா மார்ஃபினை (உடனே முழுதாக இறங்கும் வகை) கரைத்து 4 மணிக்கொருமுறை கொடுப்பார்கள், இதை அல்ல.

இடையில் வரும் வலிக்கு சாதா மார்ஃபினைத் தனியாக எழுதி வாங்குங்கள். ஒரு வேளைக்கு, நாள் மொத்தத்தில் ஆறில் ஒரு பங்கு: 60க்கு 10 மி.கி. கொடுத்த நேரத்தை நோட்டில் குறியுங்கள். தினமும் இரண்டு தடவை தேவைப்பட்டால் 60உடன் 20 சேர்ந்து 80. நோட்டைப் பார்த்து டாக்டர் வேளைக்கு 30உம் 10உமாக 40 ஆக்கலாம். நீங்களாக ஏற்றாதீர்கள். புண் கட்டும்போது மட்டும் வலி என்றால் 12 மணி மாத்திரையை ஏற்றிப் பயனில்லை. அரை மணி முன்னால் சாதா மாத்திரை போதும்.

குமட்டலும் தூக்கமும் சில நாளில் பழகிவிடும், மலச்சிக்கல் பழகாது. முதல் நாளிலிருந்தே பிசகோடில் அல்லது சென்னா என்ற மலமிளக்கி மாத்திரையைக் கேளுங்கள். தண்ணீர் அதிகம் குடிக்காதவருக்கு இசப்கோல் வேண்டாம், குடலில் கட்டிக்கொள்ளும்.

சிறுநீர் குறைந்து கைகால் வெட்டி வெட்டி இழுத்தால், கிட்னி வெளியேற்றாத மார்ஃபின் கழிவு சேர்ந்திருக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். எழுப்பியும் விழிக்கவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே, கண்மணி குண்டூசித் தலை அளவு என்றால் அடுத்த வேளையை நிறுத்திவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

‘அடிமையாக்கப் பார்க்கிறாயா’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: சாதா முதுகுவலிக்கு இதை எழுதுவதை நானும் எதிர்க்கிறேன். அமெரிக்காவில் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற, மார்ஃபின் மாதிரியான வலி மாத்திரை விற்பனைக்கு வந்தபின் பலர் அதற்கு அடிமையானது எனக்கும் தெரியும். ஆனால் இங்கே சிக்கல் வேறு, வேண்டியவருக்கே மருந்து எளிதில் கிடைப்பதில்லை. மத்தியப் பிரதேசத்து நீமச்சில், மார்ஃபின் எடுக்கும் அபின் ஆலையை அரசே நடத்துகிற நாடு இது. போதைப்பொருள் சட்டத்தை 2014இல் தளர்த்தியும், சீட்டோடு போனால் மருந்துக்கடையில் இன்னும் திருடனைப் பார்ப்பதுபோல்தான் பார்க்கிறார்கள்.

அதனால் ஒரு வாரத்து மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்த சீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள். திடீரென்று நின்றால் வலியோடு வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரும்.